நீலக் கடிதத்தால் ஜீவனாம்சம் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் குழந்தைக்கான ஜீவனாம்சத் திட்டத்தில் நடத்தைப் பொருளாதாரத்தை (மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்கும் துறை) புகுத்தி, கடிதத்தை நீலத் தாளில் அச்சிட்டே பலன் கண்டார்களாமே?

பதில்: நீலத் தாள் உண்மைதான், அது மட்டும் போகவில்லை. டெக்சஸில் ஜீவனாம்சம் கட்ட வேண்டிய, சிறையிலிருந்த பெற்றோருக்கு, தொகையைக் குறைக்க மனு போடலாம் என்று சொல்லி அனுப்பிய கடிதம் அது. சிறைக்குள் போனதும் சம்பளம் நின்றுவிடும். நீதிமன்றம் விதித்த மாதத் தொகை நிற்காது. 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி, ஏறிவிட்ட பாக்கியைப் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. ஆகவே தொகையைக் குறைக்கச் சொல்லும் மனு ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அந்த மாதத் தொகை தலையில் ஏறும்.

அப்படியிருந்தும் பலர் மனு போடவில்லை. பழைய கடிதம் சட்ட நடையில் நெருக்கியடித்திருந்தது. அனுப்பியதோ, வசூலிக்கும் அதே அலுவலகம். யார் நம்பிப் பிரிப்பார்கள்? எனவே, 'கடிதம் வருகிறது' என்று முதலில் ஓர் அஞ்சலட்டை போனது. அடுத்து எளிய நடையில் நீலத் தாள் கடிதம். கூடவே, அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விவரங்களை நிரப்பிய மனுப் படிவம், நிரப்பும் வழிக்குறிப்பு. பதில் வராதவர்களுக்கு நினைவூட்டும் அட்டை. மனு போட்டவர்கள் 28 சதவீதத்திலிருந்து 39 சதவீதமானார்கள்.

கேள்வி: நினைவூட்டினால் பணமும் கட்டுவார்களா?

பதில்: ஒஹாயோ மாநிலத்தின் ஃபிராங்க்ளின் கவுன்டியில் (மாவட்டம் போன்றது) நினைவூட்டல் அனுப்பியதில், பணம் கட்டியவர்கள் சுமார் 3 சதவீதப் புள்ளி கூடினார்கள். மொத்த வசூல் குறிப்பிடும்படி உயரவில்லை. மறதியை அட்டை தீர்க்கும். காலிப் பையை நிரப்பாது. தவிர, வசூலில் பெரும்பகுதி முதலாளி சம்பளத்தில் பிடித்து அனுப்புவதுதான். அந்தப் பிடித்தத்துக்குள் வராதவர்களுக்கே நினைவூட்டல் தேவை: சொந்தத் தொழில் செய்பவர்கள், வேலை மாறி இடைவெளியில் நிற்பவர்கள்.

கேள்வி: இதே முறையை வேறொரு திட்டத்தில் சோதிக்க எங்கே தொடங்குவது?

பதில்: கடிதத்தை எழுத உட்காராதீர்கள். முதலில் எண்ணுங்கள்: எத்தனை கடிதம் போனது, எத்தனை முகவரி தவறித் திரும்பியது, எத்தனை படிவம் வந்தது, அதில் எத்தனை அரைகுறை. அதிகம் பேர் உதிரும் படியில் மட்டும் கை வையுங்கள். பாதி முகவரி பழசு என்றால் எந்த நடையும் உதவாது. பிறகு குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. ஊழியரே ஆளைப் பொறுக்கினால், பதில் தரக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்த்துவிடுவார், கணக்கு கெட்டது.

நிறைய மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. டெக்சஸிலும் அதே சிக்கல்தான். என் ஊகத்தில் பெரிய பங்கு நிரப்பிய படிவத்துக்கே. நீலத் தாளுக்கு அல்ல.