வைட்டமின் டப்பாவில் ஒளிந்திருக்கும் மாத்திரை

கேள்வி: டோக்கியோ நிஷிகசாயில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. டோசாய் லைன் ரயில் நெரிசலில் திடீரென்று மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, செத்துவிடுவேன் போலாகிறது. பேனிக் டிஸார்டர் என்றார் டாக்டர். மனைவி பயந்துவிடுவாள் என்று மாத்திரையை வைட்டமின் டப்பாவில் மாற்றி வைத்துச் சாப்பிடுகிறேன். மகனுக்கு மூன்று வயது. ‘ஆல் தி லாங் நைட்ஸ்’ படம் பார்த்து அழுதேன். என்னைப் புரிந்துகொள்ள ஆபீஸில் அப்படி ஒருவர் கிடைப்பாரா? அங்கே சொல்லலாமா?

பதில்: தம்பி, ஆபீஸை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வைட்டமின் டப்பா, அதை முதலில் எடுங்கள்.

அசதியாக இருக்கிறது என்று உங்கள் மனைவி அதிலிருந்து ஒன்றைப் போட்டுக்கொண்டால்? சத்து மாத்திரைதானே என்று கைக்கெட்டுகிற இடத்தில் அவர் வைத்து, பிள்ளை திறந்துவிட்டால்? நீங்கள் வழியில் விழுந்து, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், பாவம், அவர் வைட்டமின் என்றுதானே சொல்வார்!

2024இல் வந்த, ஷோ மியாகே இயக்கிய அந்த ஜப்பானியப் படத்தை நானும் பார்த்தேன். குழந்தைகளுக்கு அறிவியல் சாதனங்கள் செய்கிற சின்ன கம்பெனி. அங்கே வேலை செய்யும் யமசோயேவுக்கு உங்கள் நோய்தான். ரயில் ஏற முடியாது. கூட வேலை செய்யும் புஜிசாவாவுக்கு மாதவிலக்கு நெருங்கினால் அடக்க முடியாத கோபம் வரும். அவன் சோடா பாட்டிலைத் திறக்கிற சத்தத்துக்கே சீறுகிறாள். இவர்கள் எப்படி நெருங்குகிறார்கள்? அவன் மாத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு அது என்ன மருந்தென்று தெரிந்துவிடுகிறது. அவளும் முன்பு சாப்பிட்டதுதான். உங்கள் டப்பாவைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? புரிந்துகொள்ள ஆள் இல்லை என்கிறீர்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பையே நீங்கள் கொடுக்கவில்லையே!

ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கடல் தாண்டிக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். அங்கே அவருக்கு அம்மா இல்லை, அக்கா இல்லை. ரயிலுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் கூட்டிப்போயிருக்க மாட்டீர்கள். காரணமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். தன்மேல்தான் ஏதோ வெறுப்பு என்று அவர் எத்தனை ராத்திரி நினைத்திருப்பாரோ! அவர் பயப்படுவார் என்பது நொண்டிச்சாக்கு. பிரசவ வலி தாங்கியவர் இதையும் தாங்குவார். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் கட்டியவளுக்குத் தெரிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியில் புஜிசாவா பிடித்த வேலையையும் விட்டு, உடம்பு முடியாத அம்மாவின் பக்கத்தில் இருக்கப் போகிறாள். நீங்கள் அழுதது எந்த இடத்திலோ, எனக்கு மனதில் நின்றது அதுதான்.

சரி, ஆபீஸ். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் அங்கே ‘சங்யோய்’ என்ற நிறுவன மருத்துவர் இருந்தாக வேண்டும்; அது ஜப்பானியச் சட்டம். முதலில் அவரிடம் பேசி, நெரிசல் இல்லாத நேரத்தில் வந்துபோக வழி கேளுங்கள். பார்த்தால் தெரியாத நோய் உள்ளவர், உதவி தேவைப்படலாம் என்று மற்றவருக்குக் காட்டுகிற, வெள்ளைச் சிலுவையும் இதயமும் போட்ட சிவப்பு ‘ஹெல்ப் மார்க்’ அட்டை, டோக்கியோ அரசு நடத்தும் தோயேய் சுரங்க ரயில் நிலையங்களில் இலவசம். வாங்கிப் பையில் மாட்டுங்கள். தொடர் சிகிச்சைக்கு வார்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால், உங்கள் கையிலிருந்து கட்டுகிற 30 சதவீதச் செலவு 10 சதவீதமாகக் குறைய வழி உண்டு.

இதெல்லாம் நாளைக்கு. இன்று ராத்திரி பிள்ளை தூங்கியதும் அந்த டப்பாவை மனைவி முன்னால் வைத்துச் சொல்லிவிடுங்கள். அழட்டும், கோபித்துக்கொள்ளட்டும், குறுக்கே பேசாதீர்கள். மாத்திரையை அதன் சொந்த உறையில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.