தடிப்பே இல்லாத தீராத அரிப்பு

கேள்வி: என் வயது 63. நான்கு மாதங்களாக முதுகிலும் கால்களிலும் ஓயாத அரிப்பு. கொப்புளமோ தடிப்போ இல்லை. சொறிந்த கீறல்கள் மட்டுமே தெரிகின்றன. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் சில நாள் அடங்கி, மறுபடியும் தொடங்கிவிடுகிறது. இது சர்க்கரை நோயின் அறிகுறியா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, அந்தக் களிம்பை முதலில் நிறுத்துங்கள். அரிப்புக்கென்று கடைகளில் எடுத்துக் கொடுக்கப்படும் களிம்புகள் பலவற்றில், குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பை அடக்குமே தவிர, காரணத்தைத் தீர்க்காது. படர்தாமரையாக இருந்தால் அதன் அடையாளத்தை மறைத்து மேலும் பரவவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோலே மெலிந்துபோகும். மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால், குறிப்பாக இரவில் கூடினால், விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடங்களில் சிறு பருக்கள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால், அது பெரும்பாலும் சொறிப்பூச்சியால் வரும் சிரங்கு. மருத்துவர் சொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை இரவில் பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் பூசாவிட்டால், அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் வயதில் அதிகம் காணப்படும் காரணம் தோல் வறட்சிதான். கெண்டைக்காலில் வெள்ளையாகச் செதில் உதிர்ந்தால் சந்தேகமே வேண்டாம். வெந்நீரில் நெடுநேரம் குளித்து உடல் முழுவதும் சோப்புத் தேய்க்கும் பழக்கம் இதை வளர்க்கிறது. வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளித்து, சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதங்களோடு நிறுத்தி, ஈரத்தை ஒற்றியெடுத்த உடனேயே பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள்.

இருந்தாலும், நான்கு மாத அரிப்பை வறட்சி என்று மட்டும் சொல்லி விட்டுவிடக் கூடாது. சர்க்கரை நோயும் அரிப்பைத் தரலாம். ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு, பித்தநீர் அடைப்பு, தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவையும் தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமலேயே அரிக்கவைக்கும். ஆகவே சர்க்கரையோடு ரத்த அணுக்கள், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கானது), கல்லீரல், தைராய்டு, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். புதிதாக ஏதேனும் மாத்திரை தொடங்கிய பிறகு அரிப்பு வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், காரணமின்றி எடை குறைதல், இரவில் வியர்த்துக் கொட்டுதல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் செல்லுங்கள்.

தூக்கத்துக்காக, மயக்கம் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளை நீங்களே வாங்கி விழுங்க வேண்டாம். அவை வறட்சி அரிப்பில் பெரிதாகப் பயன் தருவதில்லை. இந்த வயதில் இரவில் எழும்போது தள்ளாடி விழுவதற்கும் அவை காரணமாகின்றன.