சேலம் அலுவலகத்தில் கழிக்கும் சர்வர்களையும் கணினிகளையும் ஏற்காட்டுப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் எங்கள் அலுவலகம். சின்ன சர்வர் அறை ஒன்று இருக்கிறது, அதன் கரண்ட் பில் தாங்கவில்லை. 4 பழைய சர்வர்களையும் 25 டெஸ்க்டாப்களையும் கழிக்கப் போகிறோம். ஏற்காட்டில் ஒரு பள்ளி கேட்கிறது. எப்படித் தயார்செய்து கொடுப்பது? மிச்சமிருக்கும் அறையின் மின்செலவை எப்படிக் குறைப்பது?

பதில்:

டெஸ்க்டாப்களைத் தாராளமாகக் கொடுங்கள். சர்வர்களை மட்டும் மலை ஏற்றாதீர்கள். ரேக்கில் பூட்டும் இரண்டு பிராசசர் சர்வர், ஒரு வேலையும் செய்யாமல் நின்றாலே 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். அதன் விசிறிச் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. பிரித்து உதிரிபாகமாகப் பயன்படுத்தலாமே என்றால், அதிலுள்ள, சர்வருக்கென்றே செய்த ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது, சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க், டெஸ்க்டாப்களில் வழக்கமான சாட்டா இணைப்புள்ள போர்டில் ஏறாது. பள்ளிக்கு அதனால் வரும் ஒரே பலன் கூடுதல் கரண்ட் பில்தான்.

உங்கள் பில் எகிறுவதிலும் இந்த நான்குக்குப் பெரிய பங்கு இருக்கும். ஒன்றுக்கு 120 வாட் என்று வைத்தால் நான்குக்கும் 480 வாட். இரவு பகலாக ஓடினால் நாளைக்கு 11.5 யூனிட், வருடத்துக்கு 4,200 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி தின்பதும், நடுவில் யூபிஎஸ் தின்பதும் தனிக் கணக்கு. அறைக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, சர்வர்களும் ஸ்விட்ச்களும் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்துப் பாருங்கள். தரவு மையக்காரர்கள் பியூஇ என்று சொல்வது இதைத்தான். சின்ன அறைகளில் அது 2 பக்கம் வருவது சாதாரணம். வந்தால் 4,200 என்பது 8,400 யூனிட் ஆகிவிடும்.

வகுப்பதற்கு இரண்டு எண் வேண்டும். யூபிஎஸ் அவுட்புட்டில் எத்தனை கிலோவாட் போகிறது என்பது அதன் டிஸ்ப்ளேயிலேயே தெரியும். மொத்தத்துக்கு, அந்த அறைக்குப் போகும் எம்சிபிக்கு அடுத்து ஒரு சப் மீட்டர் போட்டு ஒரு வாரம் யூனிட் எழுதுங்கள். அதை 168 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி கிலோவாட். வயரைக் கவ்வி அளக்கும் டாங் டெஸ்டரில் ஆம்பியர் பார்த்து 230 ஆல் பெருக்கினால் சரியான வாட் வராது, பவர் ஃபேக்டர் (அந்தப் பெருக்கத்தில் நிஜ வாட் எவ்வளவு என்ற விகிதம்) குழப்பிவிடும்.

சர்வரைக் கழிக்கும் முன் ஒன்று. ‘இதை யாரும் தொடுவதே இல்லை’ என்று எல்லோரும் சத்தியம் செய்யும் மெஷினில்தான், வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் கேட்கும் டேலி பேக்கப் கிடக்கும். பவரை உடனே அணைக்க வேண்டாம். நெட்வொர்க் வயரை மட்டும் உருவிவிட்டு, குறைந்தது ஒரு மாதக் கடைசியாவது தாண்டட்டும். யாராவது கத்தினால் வயரைத் திரும்பச் செருகிவிடலாம். பவரை அணைத்துவிட்டால் அந்த வசதி நிச்சயமில்லை. வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய ஹார்ட் டிஸ்க், ஒருமுறை நின்று ஆறிய பிறகு மறுபடி சுற்ற மறுப்பது உண்டு. இன்னும் தேவைப்படும் வேலைகளை எல்லாம் விர்ச்சுவல் மெஷின்களாக்கி (மென்பொருளுக்குள் ஓடும் தனித்தனிக் கணினிகள்) ஒரே புது சர்வரில் அடுக்கிவிடலாம்.

அடுத்து ஏசி. அனேகமாக 18-ல் ஓடிக்கொண்டிருக்கும். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. ரிமோட்டில் தெரியும் எண்ணை நம்பாமல், ரேக்கின் உச்சியில் இருக்கும் சர்வரின் முன்பக்கம் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். அங்கேதான் சூடு அதிகம். பின்பக்கச் சூடான காற்று ரேக்கின் காலி இடங்கள் வழியாக முன்னால் திரும்பி வருவதுதான் காரணம். அந்த ஓட்டைகளை பிளாங்க்கிங் பேனல் போட்டு அடையுங்கள். பேனல் கிடைக்காவிட்டால் பாலிகார்பனேட் ஷீட்டை வெட்டிப் பூட்டலாம். அட்டைப்பெட்டியை வெட்டிச் செருகுவது வேண்டாம், தீப்பிடிக்கும் பொருள். அடைத்த பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றி, தெர்மாமீட்டரில் 25 வரும் இடத்தில் நிறுத்துங்கள். 27-க்கு மேல் போனால் லாபம் நஷ்டமாகிவிடும். சர்வர் விசிறிகள் வேகம் எடுக்கும், விசிறி தின்னும் மின்சாரமோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும் என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

யூபிஎஸ் பேட்டரி வெயில் படும் மேற்குச் சுவர் ஓரம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மூடிய லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் உகந்தது. அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் இது சின்ன விஷயமில்லை. 10 கேவிஏ யூபிஎஸ்ஸில் ஒன்றரை கிலோவாட் மட்டும் ஓடினால் அது உள்ளேயே வீணாக்கும் மின்சாரத்தின் பங்கும் அதிகமாகவே இருக்கும், அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது சின்ன யூபிஎஸ்ஸுக்கு இறங்குவதை யோசியுங்கள்.

ஏற்காடு குளுகுளுவென்று இருக்கிறதே, சர்வரையே அங்கே வைத்துவிட்டால் ஏசி செலவு மிச்சம்தானே என்று யாராவது மீட்டிங்கில் சொல்வார்கள். இடி, மழைக்கால மின்தடை, ஒரே ஒரு ஃபைபர் லைன் என்று மூன்றையும் சொல்லுங்கள், பேச்சு அடங்கிவிடும்.

இனி டெஸ்க்டாப்கள். 25-ஐயும் கொடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். 15 நல்ல மெஷின் கொடுத்து, 3-ஐ உதிரிபாகத்துக்கு வைத்துக்கொண்டு, மீதியை மறுசுழற்சிக்கு அனுப்புவதுதான் உதவி. பாதி வேலை செய்யும் மெஷின், மேசையை அடைத்துக்கொண்டு ஆசிரியரின் நேரத்தைத் தின்னும். பிரிக்க எளிய கோடு இது: இன்டெல் 4ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எடுங்கள். ஐ3-4130 என்றால் கோட்டுக்குப் பின் வரும் 4 தான் தலைமுறை. கோர் 2 டியோ போன்றவை மெதுவானவை, சும்மா நிற்கும்போதும் அதிக மின்சாரம் எடுப்பவை. அவற்றைத் தள்ளிவிடுங்கள். மதர்போர்டில் கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

தரவை அழிப்பதில்தான் பல அலுவலகங்கள் கோட்டைவிடுகின்றன. விண்டோஸில் குயிக் ஃபார்மேட் கொடுத்தால் எங்கே என்ன இருக்கிறது என்ற அட்டவணைதான் போகும், ஃபைல்கள் அப்படியே கிடக்கும். இலவச மென்பொருளை வைத்துப் பத்தாம் வகுப்பு மாணவரே எடுத்துவிடலாம். சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுக்க ஒரே ஒரு முறை மேலே எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய காலத்து டிஸ்க்குகளுக்குச் சொன்னது, இப்போது மின்சார விரயம். 500 ஜிபி டிஸ்க்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து ஷ்ரெட் கட்டளையை ஒரே சுற்றுக்குக் கொடுங்கள்.

எஸ்எஸ்டிக்கு இந்த வழி சரிப்படாது. கண்ணுக்குத் தெரியாத உபரி இடம் உள்ளே உண்டு, மேலே எழுதுவது அங்கே போய்ச் சேராது. அதற்கு டிரைவின் சொந்த அழிப்புக் கட்டளையைத் தர வேண்டும்: சாட்டா என்றால் லினக்ஸின் எச்டிபார்ம் கட்டளை வழியாக செக்யூர் இரேஸ், புதிய வகையான என்விஎம்இ என்றால் அதற்கான ஃபார்மேட் கட்டளை. சாட்டாவில் ஒரு முட்டுக்கட்டை வரும், டிரைவ் ‘ஃப்ரோசன்’ என்று காட்டி, கட்டளையை ஏற்காது. கணினியை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். அழிக்கும் முன் தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்று வைக்கச் சொல்லும். நடுவில் கரண்ட் போனால் டிரைவ் அந்தப் பாஸ்வேர்டோடு பூட்டிக்கொள்ளும். எளிய ஒன்றை வைத்துப் பேப்பரில் எழுதிக்கொண்டு, யூபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டுச் செய்ய வேண்டாம், பல பெட்டிகள் இந்தக் கட்டளையைக் கடத்துவதில்லை.

அழிப்பதற்கு முன்பே, டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லும் குறிப்பைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் டிஸ்க்கின் நலம் பாருங்கள். கெட்ட செக்டார்களைச் சொல்லும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் எண் பூஜ்யத்தைத் தாண்டினால் அது பள்ளிக்குப் போகக்கூடாது. கெட்டு ஒதுக்கப்பட்ட செக்டார்களில் மேலே எழுத முடியாது என்பதால், அதை டிரில் போட்டு உடைப்பதுதான் வழி. லேப்டாப் டிஸ்க் சிலவற்றின் தட்டு கண்ணாடி, கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் டிரில்லைத் தொடாதீர்கள். சர்வர்களில் பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பை நீக்குவது அழிப்பு ஆகாது, டிஸ்க் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வாடிக்கையாளர் விவரம் இருந்த டிஸ்க்கின் சீரியல் எண், அழித்த தேதி, அழித்தவர் கையெழுத்து ஆகியவற்றை ஒரு தாளில் வைத்திருப்பது நல்லது.

பிறகு மெஷினைத் திறந்து வெட்டவெளியில் ப்ளோயர் அடியுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளாமல் அடித்தால் அது தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். ரேம் பற்களை அழிரப்பரால் தேய்த்து, ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலில் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். பிராசசரின் மேல் காய்ந்த ஹீட்சிங்க் பேஸ்ட்டை அதே ஆல்கஹாலில் எடுத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிது வையுங்கள். சிஆர்2032 பேட்டரியை யோசிக்காமல் எல்லாவற்றிலும் மாற்றுங்கள். அது தீர்ந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும், பிரௌசரில் எந்தத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்காது. பள்ளியில் எல்லோரும் இன்டர்நெட் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டால் மெஷினுக்கு மறுபிறவிதான். காசு செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள், ரேம் அதற்குப் பிறகு. ரேம் 8 ஜிபி இருக்கட்டும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஒரு சுற்று பிழையின்றி முடியட்டும்.

மெஷின் எழும்போது வரும் பயோஸ் அமைப்பில் மூன்று மாற்றம். அலுவலகம் வைத்த பாஸ்வேர்டை நீக்குங்கள். கரண்ட் போய் வந்தால் மெஷின் அணைந்தே இருக்க வேண்டும் என்று வையுங்கள், இல்லையென்றால் இரவில் கரண்ட் வரும்போது லேப் முழுக்கத் தானே எழுந்து, மறுபடி கரண்ட் போகையில் திடீரென்று சாகும். நெட்வொர்க் வழியாக எழுப்பும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுப்பது வேண்டாம், அப்டேட்டில் மாட்டினால் பார்க்க மலையில் ஆள் இல்லை. அலுவலகம் மொத்தமாக வாங்கிய வால்யூம் லைசென்ஸும் மெஷினோடு போகாது. லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இந்த மெஷின்களுக்கு லேசாக ஓடும். 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. தமிழ்த் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவித் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து, லிப்ரே ஆபீஸில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். மாணவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு. மழையில் நெட் போவது சகஜம் என்பதால் நெட் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியாவை ஒவ்வொன்றிலும் இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு மெஷினைச் சரியாக்கி, டிஸ்க்கை முழுதாக நகலெடுக்கும் குளோன்சில்லாவில் மற்றதற்கெல்லாம் நகலெடுத்தால் வேலை ஒரு நாளில் முடியும்.

வேனில் ஏற்றும்போது கேபினட்டை மதர்போர்டு கீழே கிடக்கும்படி படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹீட்சிங்க் பக்கவாட்டில் இழுத்து ஆடும். மேலே போனதும் ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்றால் பயப்படாதீர்கள், பத்துக்கு எட்டு ரேம்தான் நகர்ந்திருக்கும்.

அங்கே பார்க்க வேண்டியதில் முதலாவது எர்த். கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது என்பார்கள். உலோகத்துக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டர் 100 வோல்ட் சுற்றிக் காட்டினால் எர்த் இணைப்பே இல்லை. கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் 230-ல் பாதியைக் கேபினட்டுக்குக் கொண்டுவருகின்றன. சேர்வராயன் மலையில் பாறையும் பாக்சைட் மண்ணும் அதிகம், ஒரு குழி தோண்டிக் குழாய் இறக்கினால் பல இடங்களில் ரெசிஸ்டன்ஸ் இறங்காது. இரண்டு குழியை இணைத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் நிரப்பச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டால் குழாய் சீக்கிரம் அரித்துவிடும். இடி வரும் நாளில் கரண்ட் பிளக்கோடு நெட்வொர்க் வயரையும் உருவ வேண்டும். பாதிப் போர்டுகள் போவது அந்த வயர் வழியாகத்தான்.

இன்னொன்று ஈரம். பிளாஸ்டிக் உறை போடாமல் துணி உறை போடட்டும், பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். மூடுபனி நாட்களில் ஜன்னலோர மேசை வேண்டாம். கோடை விடுமுறையிலும் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் ரேம் பற்களும் கனெக்டர்களும் பச்சை பிடிக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 15 சதவீதம் போலக் குறையும், ஆனால் காற்றே குளிர்ச்சி என்பதால் விசிறிகள் சமாளித்துவிடும்.

15 மெஷினும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து 900 வாட் சுற்றி வரும். ஒவ்வொன்றுக்கும் 600 விஏ யூபிஎஸ் வாங்கிக் கொடுக்காதீர்கள், மூன்று வருடத்தில் 15 செத்த பேட்டரி கிடக்கும். லேபுக்கு ஒரே 2 கேவிஏ போதும்.

அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரிடம் சீரியல் எண்ணோடு பட்டியல் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் 2022-லிருந்து இந்த மாதிரி உதவிகளுக்காகவே இருக்கிறது. மெஷின்களோடு 2 எஸ்எம்பிஎஸ், 5 மவுஸ், 3 கீபோர்டு, ஓர் எஸ்எஸ்டி, பத்து சிஆர்2032, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று ஆகியவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பள்ளியில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் மானிட்டர்கள் இருந்தால், காலியாகத் திரும்பும் அதே வேனில் இறக்கி வந்து, நீங்கள் ஒதுக்கியவற்றோடு சேர்த்துப் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.