‘ஹேட் பெட்டர்’ (had better) போட்டால் கிளையண்ட் கோபிப்பாரா?

கேள்வி: கங்கைகொண்டான் ஐடி பார்க்கில் வேலை. லண்டன் கிளையண்ட் ஒருவருக்கு, ‘ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் ரிப்போர்ட். யூ ஹேட் பெட்டர் செண்ட் தி ஃபைல் டுடே. கைண்ட்லி ரிவர்ட்’ என்று மெயில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன், ஆனால் அவர் மேனேஜரிடம் குறை சொல்லிவிட்டார். எங்கே தப்பு?

பதில்: இலக்கணத்தில் தப்பே இல்லை. சிக்கல் முக்கியமாக ‘ஹேட் பெட்டர்’தான். ‘பெட்டர்’ இருக்கிறதே, ‘அனுப்பினால் நல்லது’ என்று பணிவாகத்தானே சொல்கிறோம் என்று நமக்குத் தோன்றும், ஆனால் அவர் காதில் அது ‘இன்னைக்கு அனுப்பிரும்வே, இல்லைன்னா நடக்கறதே வேற’ என்கிற மாதிரி விழுந்திருக்கும். வீட்டில் ஒருவரிடம் ‘மழை வருது, குடையை எடுத்துக்கோ’ என்று சொல்ல இதே ‘ஹேட் பெட்டர்’ சரி. கிளையண்டிடம் கூடவே கூடாது. ‘ஷுட்’ இதைவிடக் கொஞ்சம் மென்மைதான், அதுவும் வேண்டாம்.

‘டவுட்’ நாம் பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிக் கேட்டுப் பழகியது. நமக்கு அது வெறும் கேள்வி. அவருக்கோ, ‘உங்கள் ரிப்போர்ட்டை நான் நம்பவில்லை’ என்று அர்த்தம். ‘கொஸ்டின்’ போடுங்கள், போதும். ‘ரிவர்ட்’ என்றால் அங்கே பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது, அதனால் ‘ரிப்ளை’. ‘கைண்ட்லி’யை ‘ப்ளீஸ்’ஸுக்கு ஒரு படி மேல் என்று நினைக்கிறோம், உண்மையில் இன்று பலருக்கு அது விறைப்பான பழைய ஆபீஸ் நோட்டீஸ் போலத்தான் படும். (நம் ஊர் ஆபீஸுக்குள் இவை எல்லாமே செல்லும், அங்கே மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.)

சரி, ‘ப்ளீஸ்’ மட்டும் சேர்த்தால் போதுமா? ‘ப்ளீஸ் செண்ட்’ என்றாலும் கட்டளை கட்டளைதான். திருநெல்வேலியில் ‘வாலே’, ‘வாரும்’, ‘வாங்க’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதையின் அளவு தெரிந்துவிடும், இங்கிலீஷ்காரர்களுக்கோ நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் ஒரே ‘யூ’, ஆகவே மரியாதையை வாக்கியத்தின் அமைப்பில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. கேள்வியாகக் கேட்பார்கள், எதிராளி ‘முடியாது’ என்று சொல்லவும் இடம் விடுவார்கள். ‘கேன் யூ’ பரவாயில்லை, ‘குட் யூ’ (could you) இன்னும் இதம்.

நடந்ததற்கு நீளமாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த மெயில் இப்படிப் போகட்டும்: ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி ரிப்போர்ட். குட் யூ செண்ட் மீ தி ஃபைல் டுடே, இஃப் பாசிபிள்?’