பணம் கட்டிப் புத்தகம் போடலாமா?

கேள்வி: என் முதல் சிறுகதைத் தொகுப்பு தயார், 128 பக்கம் வரும். ஒரு பதிப்பகம் 300 பிரதிக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. ஒப்பந்தத்தில் ‘சகல உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: இப்படியே போடாதீர்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் தப்பில்லை. ஆனால் போடும் பணம் உங்களுடையது, உரிமை மட்டும் அவர்களுடையதா?

கணக்கைப் பாருங்கள். பிரதிக்கு 150 ரூபாய் அடக்கம். கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு போனால், 225 ரூபாய் விலை வைத்தால்தான் போட்ட காசே திரும்பும், அதுவும் 300 பிரதியும் விற்றால். டெமி அளவு (கதைப் புத்தகங்களுக்கு வழக்கமான அளவு), 16 பக்கப் பாரம் (ஒன்றாக அச்சாகி மடிக்கப்படும் தாள்) எட்டு, இன்ன தாள், இன்ன பைண்டிங் என்று சொல்லி வேறு இரண்டு அச்சகங்களில் விலை கேளுங்கள். உங்கள் பதிப்பகம் கூடுதலாகக் கேட்பது எடிட்டிங்குக்கா, மெய்ப்புத் திருத்தத்துக்கா (அச்சுக்கு முந்தைய படியில் பிழை பார்ப்பது), விற்பனைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) தனிக் கட்டணம் போட்டிருந்தால் உஷார்! ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது. எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம்.

அடுத்து அந்த ‘சகல’. உங்கள் கதைகளுக்கான பதிப்புரிமை உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தப் பகுதிக்கு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, பகுதி சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சு நூலாக மட்டும், மூன்று ஆண்டுகளுக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். முகம் சுளித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

மெய்ப்பைக் காகிதத்தில் எடுத்துப் படியுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்ததை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொடி’ என்னவோவாகி நிற்கும். இறுதி பிடிஎஃப் கோப்பு உங்களுக்கு வர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள், மறுபதிப்புக்கு உதவும்.

‘ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம்’ என்று அவசரப்படுத்தினால் மயங்காதீர்கள். டிசம்பரில் அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. உங்கள் மெய்ப்பை யாரும் நிதானமாகப் பார்க்க மாட்டார்கள். பிப்ரவரியில் வரட்டும்.