நாய்க் காதுக்கு எந்தச் சொட்டு மருந்து?

கேள்வி: நாய் ஓயாமல் காதைச் சொறிகிறது. காதுப் பூச்சி மருந்து மூன்று புட்டி ஆன்லைனில் வாங்கி ஊற்றியாயிற்று. அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: காதுக்குள் காபித்தூள் போலக் கறுப்பு அழுக்கு. பூச்சிதான் என்று கடைக்காரர் மருந்து கொடுத்தார். இப்போது காது சிவந்து நாறுகிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஆமாம், ஏமாற்றிவிட்டார்கள். காதைத் திறந்துகூடப் பார்க்காமல் மருந்து விற்றவர்தான் இதற்குப் பொறுப்பு, நீங்கள் இல்லை. காதுப் பூச்சி இருந்தால் அப்படி அழுக்கு சேரும் என்பது உண்மை. ஆனால் ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றிலும் பழுப்பு அழுக்கு வரும். குட்டிகளுக்கும் பூனையோடு வளரும் நாய்களுக்கும்தான் பூச்சி அதிகம். வளர்ந்த நாய்க்குத் திரும்பத் திரும்பக் காதுத் தொல்லை வந்தால், பெரும்பாலும் அடியில் ஒவ்வாமை இருக்கும். அதன்மேல் ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ ஏறிக்கொள்ளும். அதற்குப் பூச்சி மருந்து என்ன செய்யும்?

அழுக்கைக் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சில நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்றும் மருத்துவர் பார்ப்பார். கிழிந்த காதில் ஊற்றினால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. இதையெல்லாம் தாண்டி, 'எல்லாக் காது நோய்க்கும் ஒரே மருந்து' என்று எழுதி விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாங்கிய ஒரு புட்டியில் இலைப் படம் பெரிதாக இருந்தது. உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பணம் போனது, நாயின் காது வீங்கியது. மருந்துப் பொருளின் பெயரும் அளவும் இல்லாத புட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு வாரத்தில் அரிப்பு நின்றதால் மருந்தை நிறுத்தினேன். மறுபடி வந்துவிட்டது. போலி மருந்தா?

பதில்: மருந்தின் மேல் ஏன் பழி? காதுப் பூச்சியின் முட்டை முழுப் பூச்சியாக வளர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். பல மருந்துகள் முட்டையைக் கொல்லாது. எத்தனை நாள் போடச் சொன்னார்களோ அத்தனை நாளும் போட வேண்டும். வீட்டில் பூனையோ வேறு நாயோ இருந்தால் அவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள். ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்துப்போகலாம்.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடும் காது குடையும் குச்சியும் போதாதா?

பதில்: இரண்டும் வேண்டாம். நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி உள்பக்கம் மடங்கும். குச்சி அழுக்கை அந்த மடிப்புக்குள் தள்ளிவிடும். பெராக்சைடு புண்ணை எரிக்கும். நாய்க்கென்றே விற்கும் காது கழுவும் திரவத்தை ஊற்றி, காதின் அடியை மெதுவாகப் பிசைந்து, வெளியே வருவதைப் பஞ்சால் துடையுங்கள். காது வலிக்கிறது என்றால் அதையும் செய்யாமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: காது மடல் தலையணை போல உப்பிவிட்டது. தடவ என்ன வாங்கலாம்?

பதில்: தலையை உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம். தைலத்துக்கு அடங்காது. இன்றே அழைத்துப் போங்கள்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி ஊசி மருந்து மிச்சமிருக்கிறது. எங்கள் கோலி நாய்க்குப் போட்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: கூடவே கூடாது. கோலி நாய்கள் பலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் குறை உண்டு. அப்படிப்பட்ட நாய்க்கு மாட்டுக்கான அளவில் போட்டால் மருந்து மூளைக்குள் போய் உயிரையே எடுத்துவிடலாம். அந்தப் புட்டியை நாய்க்கென்று எடுக்கவே எடுக்காதீர்கள்.