இருவர் மட்டும் ஓட்டப் பாய்மரப் படகு: எத்தனை அடி போதும்?

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 52 வயது, வீட்டுக்காரருக்கு 58. இரண்டு பேரும் பாய்மரப் படகு ஓட்டப் பழகியிருக்கிறோம். கொச்சி போல்காட்டித் தீவு மரினாவில் படகை நிறுத்திக்கொண்டு, கரையோரமாகக் கோவா வரை போக ஆசை. 45 அடிப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமுங்களா?"

வேண்டாமுங்க. 32 முதல் 36 அடிக்குள் பாருங்கள்.

இரவில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாகத்தான் ஓட்ட வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்துவிட்டால், பாயை அடக்கி, படகைத் திருப்பி, அவரை மேலே ஏற்ற நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். அதனால் உங்கள் ஒருவரால் முடிகிற படகுதான் உங்கள் இருவருக்கும் ஏற்ற படகு.

காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலைப் பக்கம் இருந்தவர்களுக்குக் காற்று எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய பாயைச் சுருக்கும் கயிறுகள் எல்லாம் சுக்கான் பிடிக்கும் இடத்துக்கே வர வேண்டும். முன்பாய் உருளையில் சுருள வேண்டும். வாங்கும் முன், வீட்டுக்காரரைச் சும்மா உட்காரவைத்துவிட்டு நீங்களே பாயைச் சுருக்கிப் பாருங்கள். தானாகவே திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட்டும் நங்கூரம் தூக்கும் மோட்டாரும் அவசியம்.

சிறியது கவிழ்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 1979-ல் இங்கிலாந்து, அயர்லாந்துக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தின்போது வீசிய புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். அதில் மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓடி முடித்தது ஒரே படகு, 32 அடி கான்டெசா ரகம். அகலம் குறைவு, அடியில் கனம் அதிகம். எத்தனை டிகிரி சாய்ந்தபின் படகு நிமிராது என்று விற்பவரிடம் கேளுங்கள். 120-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

கடற்படையின் தில்னாவும் ரூபாவும் 56 அடி 'தாரிணி'யில் இருவராகவே உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்களே என்று தோன்றலாம். பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அதற்குப் பின்னால் நெடுநாள் பயிற்சி இருக்கிறது.

முன்னறையின் அகலமான கட்டிலைக் காட்டி மயக்குவார்கள். ஓடும் படகில் அங்கே தூக்கம் வராது. நடுப்பகுதியில், உருண்டு விழாமல் துணித் தடுப்புக் கட்டக்கூடிய ஒடுங்கிய படுக்கை இருக்கிறதா பாருங்கள்.

பழைய படகென்றால் கரையேற்றி, கீலை (அடியில் இருக்கும் கனமான பகுதியை) படகோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் சுக்கானையும் படகுகளைச் சோதிக்கும் சர்வேயரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பத்தாண்டு தாண்டியிருந்தால் புதிதாக மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் உங்களுக்கானதல்ல. பழுது பார்க்கும் வேலையெல்லாம் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.